மன்னிக்கப்பட்டவரிடம் பிள்ளையை விடலாமா?

ஜான் ஸ்மைத் இங்கிலாந்தில் பேர்பெற்ற வழக்கறிஞர். 1977இல் 'கே நியூஸ்' பத்திரிகை மீது நடந்த தெய்வ நிந்தனை வழக்கில் பத்திரிகைக்கு எதிராக வாதாடியவர். ஊரறிந்த பக்திமான். பள்ளி விடுமுறையில் டார்செட் மாவட்டத்து ஐவர்ன் மின்ஸ்டர் கிராமத்துக்குப் போவார். வசதியான குடும்பத்துப் பையன்கள் படிக்கும் பெரிய பள்ளிகளிலிருந்து மாணவர்களைத் திரட்டி அங்கே கிறிஸ்தவ முகாம்கள் நடந்தன. அந்த முகாம்களில் அவர் சம்பளம் வாங்காத ஊழியர். அவற்றை நடத்திய அறக்கட்டளைக்குச் சில ஆண்டுகள் தலைவராகவும் இருந்தார். வின்செஸ்டரில் இருந்த அவருடைய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன்களுக்குச் சாப்பாடு உண்டு. வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொட்டகை இருந்தது.

1982இல் மார்க் ரஸ்டன் என்ற கேம்பிரிட்ஜ் பாதிரியார் அந்தக் கொட்டகையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பாவத்துக்குத் தண்டனை, பரிசுத்தத்துக்குப் பயிற்சி என்று சொல்லி ஸ்மைத் அங்கே இளைஞர்களைப் பிரம்பால் அடித்திருந்தார். ரஸ்டன் நேரில் பேசிய 13 பேரில் 8 பேர் வாங்கிய அடி மட்டும் ஏறக்குறைய 14,000. இது சட்டப்படி குற்றம் என்று ரஸ்டனே குறித்துவைத்தார். அறிக்கை மூத்த பாதிரியார்கள் சிலரிடம் சுற்றுக்குப் போனது. போலீஸுக்குப் போகவில்லை. வெளியே தெரிந்தால் கடவுளின் பணிக்குப் பெருங்கேடு வரும் என்று அப்போது நினைத்ததாக அவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

1984இல் ஸ்மைத் ஜிம்பாப்வேக்குக் குடிபோனார். அங்கும் முகாம், அங்கும் பிரம்பு. 1992 டிசம்பரில் மாரொன்டெரா முகாமின் நீச்சல் குளத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் பிணமாகக் கிடந்தான். அடுத்த ஆண்டு டேவிட் கோல்டார்ட் என்ற புலவாயோ வழக்கறிஞர் பையன்களின் வாக்குமூலங்களைத் திரட்டித் திருச்சபைகளுக்கு எச்சரிக்கை அறிக்கை அனுப்பினார். ஸ்மைத் மீது வழக்கும் போடப்பட்டது. தீர்ப்பு வரை போகாமல் முடங்கியது. பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். 2017 பிப்ரவரியில் சேனல் 4 தொலைக்காட்சி விஷயத்தை வெளிக்கொண்டுவந்த பிறகுதான் இங்கிலாந்து போலீஸ் முழு விசாரணையில் இறங்கியது. 2018 ஆகஸ்டில் கேப்டவுனில் அவர் இறந்தார். 2024 நவம்பரில் வெளியான, இங்கிலாந்துத் திருச்சபைக்காகத் தயாரான மேக்கின் அறிக்கை, அவரால் பாதிக்கப்பட்டோர் நூறு பேருக்கும் மேல் என்று கணித்தது. அதன் எதிரொலியாகச் சில நாட்களில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார்.

சாகும் நாள் வரை ஸ்மைத் பெயரில் நீதிமன்றத் தண்டனை ஒன்றுகூட இல்லை. 1982க்குப் பிறகு எந்த ஊர்த் திருச்சபையாவது அவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டிருந்தால், தண்டனைப் பத்தியில் 'இல்லை' என்றுதான் வந்திருக்கும்.

குழந்தைகளோடும் இளைஞர்களோடும் வேலை செய்கிறவர்களைப் போலீஸ் பதிவேட்டில் சரிபார்ப்பது இன்று பல நாடுகளில் சட்டம். சம்பளத்துக்கு வருகிற ஊழியருக்கும் அந்த விதி உண்டு, ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லித்தரும் தன்னார்வலருக்கும் உண்டு. கோயில், திருச்சபை, மசூதி எதுவும் விலக்கல்ல. இதை வெறும் நிர்வாகச் சடங்காகப் பார்க்கிறவர்கள் அதிகம். ஆனால் மனிதனை நம்பு என்றும், விழுந்தவனை மன்னி என்றும் காலங்காலமாகச் சொல்லிவந்த மதங்களின் வாசலில் இந்தச் சான்றிதழ் வந்து நிற்கும்போது சில பழைய கேள்விகள் உயிர்பெறுகின்றன. நம்புவதற்கு முன் சோதிப்பது நம்பிக்கைக் குறைவா? கடவுள் மன்னித்துவிட்டார் என்று சபை சொல்லும் ஒருவரைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைக்க அதே சபைக்கு உரிமை உண்டா? எந்தப் பழைய தவறு மனிதனைக் கடைசி வரை துரத்தலாம், எதை மறந்தே ஆக வேண்டும்?

இங்கிலாந்து இந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் விடை தேடியதற்குக் காரணம் ஒரு கொடூரம். 2002 ஆகஸ்ட் 4ஆம் தேதி, கேம்பிரிட்ஜ்ஷயரில் சோஹம் என்ற சிற்றூரில், பத்து வயதுத் தோழிகள் இருவர் கொலை செய்யப்பட்டார்கள். கொன்றவர் இயான் ஹன்ட்லி; உள்ளூர் மேல்நிலைப் பள்ளியின் பராமரிப்பாளர். 1995க்கும் 1999க்கும் இடையில் அவர்மீது பாலியல் குற்றச்சாட்டுகள் பல ஹம்பர்சைடு காவல்துறைக்கு வந்திருந்தன. ஒன்றிலும் தண்டனை இல்லை. பள்ளி வேலைக்கு அவர் இயான் நிக்ஸன் என்ற பெயரில் விண்ணப்பித்தார். ஹன்ட்லி என்ற பெயருக்கு எதிராகக் குவிந்திருந்த புகார்கள் பள்ளியின் கைக்கு வந்துசேரவே இல்லை. சர் மைக்கேல் பிச்சார்டு தலைமையிலான விசாரணை 2004 ஜூனில் இந்த ஓட்டைகளை வரிசையாக எடுத்துக்காட்டியது. 2006இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின்படி முதலில் போட்ட திட்டம் மலைக்க வைப்பது. குழந்தைகளோடு அடிக்கடி பழகும் பெரியவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் அரசிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும். வேலைக்குச் செல்வோருக்கு 64 பவுண்டு கட்டணம், தன்னார்வலருக்கு இலவசம். 2009இல் எதிர்ப்பு கிளம்பியது. குழந்தைகள் நேசிக்கும் எழுத்தாளர்களே எதிர்த்தார்கள். பிலிப் புல்மன், ஆன் ஃபைன், ஆன்டனி ஹோரோவிட்ஸ், மைக்கேல் மோர்பர்கோ போன்றவர்கள் பள்ளிகளுக்குப் போய்க் கதை வாசிப்பது வழக்கம். நூறு குழந்தைகளும் நாலைந்து ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் கதை வாசிக்கத் தன்னை நிரபராதி என்று நிரூபிக்கச் சொல்வது அவமானம், இனிப் பள்ளிகளுக்கு வரமாட்டேன் என்றார் புல்மன். பெரியவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் சமூகம் எப்படி இருக்கும் என்பது அவருடைய கவலை. 2010இல் புதிய அரசு திட்டத்தை நிறுத்தியது. 2012இல் எல்லையைச் சுருக்கிய சட்டம் வந்தது. சரிபார்ப்பையும் தடைப் பட்டியலையும் சேர்த்துக் கவனிக்கும் டி.பி.எஸ். என்ற அமைப்பு உருவானது.

புல்மனின் கோபத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் ஒரு தத்துவ நியாயம் இருக்கிறது. டென்மார்க்கின் லூத்தரன் இறையியலாளர் லெக்ஸ்ட்ரப் 1956இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி ஆழமாக எழுதினார். மனிதன் இயல்பாகவே பிறரை நம்புகிறவன்; சந்தேகம்தான் பிறகு வந்து சேர்கிறது. ஒருவர் இன்னொருவரை நம்பும்போது தன் வாழ்வில் ஒரு துண்டை அவர் கையில் வைக்கிறார். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை, யாரும் வாய்விட்டுக் கேட்காமலே, மற்றவருக்கு வந்துவிடுகிறது. அவருடைய சிந்தனையின் சாரம் இது. அப்படியிருக்க, நம்புவதற்கு முன்பே சான்றிதழைக் காட்டு என்றால் மனித உறவின் அடித்தளத்தையே அசைத்தது போலாகாதா?

லெக்ஸ்ட்ரப்பை இன்னும் ஓரடி தொடர்ந்து போனால் விடையும் அவரிடமே கிடைக்கிறது. முகாமுக்கு வரும் சிறுவன் தன் வாழ்வின் துண்டை முகாம் அண்ணனின் கையில் வைக்கிறான். அந்த அண்ணன் யார், எங்கிருந்து வந்தார், முன்பு இருந்த ஊரை ஏன் விட்டு வந்தார் என்று விசாரிக்க அவனுக்கு வழியில்லை. பெரியவர் பெரியவரை நம்பும்போது ஏமாந்தால் நஷ்டம் நம்பியவருக்கு. இங்கே நம்பும் முடிவை எடுப்பது பெற்றோரும் சபையும். ஏமாந்தால் அனுபவிப்பது குழந்தை. தன் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கிறவரைத் தாராள மனசுக்காரர் என்று சொல்லலாம். ஊர்ப் பொதுப்பணத்தை அப்படிக் கொடுத்தால் அவருக்கு வேறு பெயர். குழந்தையின் பாதுகாப்பு சபையின் சொந்தப் பணம் அல்ல.

டென்மார்க்கும் இதைப் புரிந்துகொண்டது. 15 வயதுக்குக் கீழான குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அங்கே 2005 முதல் தனிச் சான்றிதழ் கட்டாயம். விளையாட்டு மன்றத்தின் தன்னார்வப் பயிற்சியாளருக்கும் அது பொருந்தும்.

எல்லாரையும் சோதிப்பது எல்லாரையும் சந்தேகிப்பதாகாது. யார்மீது சந்தேகமோ அவரிடம் மட்டும் கேட்பதுதான் அவமானம். பிஷப்பிலிருந்து தோட்டக்காரர் வரை ஒரே படிவம் என்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. நடைமுறையில் இங்கேதான் சறுக்குகிறது. புதிதாக வந்த ஏழை இளைஞனிடம் கூசாமல் கேட்கும் சபை, முப்பது வருஷமாக முன்வரிசையில் உட்காரும் மூப்பரிடம் கேட்கத் தயங்குகிறது. ஸ்மைத்துக்குப் பெரிய கேடயம் அவருடைய பதவியும் பக்தியும்தான்.

சோஹம் கொலைகள் நடந்த அதே 2002இல், சில மாதங்களுக்கு முன், தத்துவ அறிஞர் ஒனோரா ஓ'நீல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை நம்பிக்கை என்ற பொருளில் ஆற்றினார். கண்காணிப்பும் தணிக்கையும் படிவங்களும் பெருகப்பெருக நம்பிக்கை வளர்ந்துவிடாது என்று அவர் எச்சரித்தார். நம்பத் தகுந்தவரை நம்புவதும் தகாதவரை நம்பாதிருப்பதுமே அறிவு. கணக்கில்லாமல் நம்பிக்கையைப் பெருக்குவது தன்னளவில் நற்குணம் ஆகாது என்ற கோணத்தில் அவர் பேசினார்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. திருக்குறளின் 51ஆவது அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆளை ஆராய்ந்து பார்த்துப் பொறுப்பைக் கொடு என்பதே அதிகாரம் முழுவதும் பேச்சு. கடைசிக் குறள் இரண்டு தவறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது: ஆராயாமல் நம்புவது, ஆராய்ந்து நம்பிய பிறகு ஐயப்படுவது. இரண்டுமே தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். புல்மனின் மனக்குறையையும் பிச்சார்டின் அறிக்கையையும் ஒரே குறளில் உட்கார வைக்க முடிகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தனக்குத் தீங்கு செய்தவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் 'பொறையுடைமை' அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. ஆளைத் தெரிந்து பொறுப்புக் கொடுக்கும் வேலை பொருட்பாலில், ஆட்சி நடத்துவோருக்கான பகுதியில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கடமைகள். ஒன்றைச் செய்தவர் மற்றதைச் செய்ய வேண்டியதில்லை என்று எங்கும் சொல்லப்படவில்லை.

திருச்சபைகள் வழுக்கி விழுந்த இடம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான். பீட்டர் பால் வழக்கு இதற்குச் சரியான சாட்சி. அவர் துறவி, பிரசங்கி, குளோஸ்டர் பிஷப். தன்னிடம் ஆன்மிகப் பயிற்சிக்கு வந்த இளைஞர்களைத் தவறாகப் பயன்படுத்தினார். 1992 டிசம்பரில் கைதானார். நீதிமன்றம் போகாமல் 1993இல் போலீஸ் எச்சரிக்கையோடு முடிந்தது, பதவி விலகினார். கைதுச் செய்தி வந்தபின் அப்போதைய பேராயர் ஜார்ஜ் கேரியின் அலுவலகத்துக்குப் பால் பற்றி 7 கடிதங்கள் வந்தன. போலீஸுக்குக் கொடுக்கப்பட்டது ஒன்றுதான். பால் நொந்துபோன புனிதராகப் பார்க்கப்பட்டார். மறுபடி ஆராதனை நடத்த அனுமதி கிடைத்தது. 2015 அக்டோபரில், 83 வயதில், குற்றத்தை ஒப்புக்கொண்டு 32 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் மன்னிப்பைப் பற்றி அழகாகப் பேசியவர்கள் பலர். மன்னிக்க உரிமை உள்ளவர்களிடம், அடிபட்ட அந்த இளைஞர்களிடம், போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்? மொய்ரா கிப் தலைமையில் 2017இல் வந்த ஆய்வறிக்கையைப் படித்தால், திருச்சபையின் அனுதாபம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது விளங்கும்.

கிறிஸ்தவ சிந்தனைக்குள்ளேயே இதற்குக் கண்டனம் இருக்கிறது. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துத் தூக்கிலேறிய ஜெர்மன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937இல் வெளியான நூலில் மலிவான கிருபை என்று ஒன்றைச் சாடினார்: மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பு, விலை எதுவும் கொடுக்காமல் கிடைக்கும் விடுதலை. பீட்டர் பாலுக்குக் கிடைத்தது அந்த ரகம்.

யூத மரபு இன்னும் கறாரானது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், மனந்திரும்புதலுக்கு விதிகளே வகுத்தார். மனிதனுக்கு மனிதன் செய்த பாவத்தைப் பிராயச்சித்த நாள் தானாகக் கழுவாது; பாதிக்கப்பட்டவரிடம் போய், இழப்பை ஈடுசெய்து, அவர் மனம் ஆறும்படி கேட்க வேண்டும். முழுமையான மனந்திரும்புதல் எது என்பதற்கும் அவர் விளக்கம் தருகிறார்: அதே பாவத்தைச் செய்ய அதே வாய்ப்பு வந்து, செய்யும் சக்தியும் இருந்து, பயத்தாலோ தளர்ச்சியாலோ அல்லாமல் திருந்திய மனத்தால் விலகி நிற்பது.

இந்த விதியைப் படிக்கும்போது நெருடுகிறது. ஒருவர் உண்மையாகத் திருந்தினாரா என்று தெரிய அதே வாய்ப்பு வேண்டும் என்றால், பிள்ளைகளைக் கெடுத்தவர் திருந்தியதை நிரூபிக்க அவரிடம் மறுபடி பிள்ளைகளை விட வேண்டுமா? அப்படிச் சோதிக்க எந்தச் சபைக்கும் உரிமை இல்லை. உண்மையில் திருந்தியவர் அதைக் கேட்கவும் மாட்டார். தன் பலவீனம் தெரிந்தவர், 'என்னை அந்த வேலையில் வைக்காதீர்கள்' என்று தானே சொல்வார். இரண்டாவது வாய்ப்பு என்ற பெயரில் பிள்ளைகள் பக்கம் திரும்ப வரத் துடிப்பது திருந்தியதற்கு அடையாளமே அல்ல. குடியை விட்டவருக்கு மளிகைக் கடையில் வேலை கொடுக்கலாம், டாஸ்மாக்கில் கொடுக்க வேண்டியதில்லை. இதைச் சொல்ல இறையியல் படிப்பு தேவையில்லை.

அப்படியானால் தண்டனை முடித்து வந்தவர் கோயில் வாசலை மிதிக்கவே கூடாதா? மிதிக்கலாம். இங்கிலாந்துத் திருச்சபைகள் கண்டுபிடித்த வழி எளிமையானது, மனிதத்தன்மையும் உள்ளது. குழந்தைகளுக்கு எதிராகக் குற்றம் செய்து விடுதலையானவர் ஆராதனைக்கு வர விரும்பினால் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுகிறார்கள். எந்த ஆராதனைக்கு வரலாம், எங்கே உட்காரலாம், தேநீர் நேரத்தில் யார் கூட இருப்பார், கட்டடத்தின் எந்தப் பகுதிக்குப் போகக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். ஞாயிறு பள்ளி நடக்கும் அறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அவர் கையெழுத்துப் போடுவார். குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் மறுபார்வைக்கு வரும். அவர் ஜெபிக்கலாம், திருவிருந்து வாங்கலாம், பக்கத்தில் உட்காருபவர் கை கொடுப்பார். அறைச் சாவி மட்டும் கொடுக்கப்படாது. மன்னிப்பையும் பொறுப்பையும் வேறு வேறாக வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒரு மரபு பிறந்திருக்கிறது. தாமதமாகவும், பல உயிர்களின் வேதனைக்குப் பிறகும்.

சான்றிதழ் தன் பங்குக்கு அநியாயமும் செய்திருக்கிறது. இங்கிலாந்து உச்ச நீதிமன்றத்துக்கு 2014இல் வந்த வழக்கில் மனுதாரர் 'டி' என்ற எழுத்தால் மட்டுமே அறியப்பட்டார். அவருக்கு 11 வயதானபோது இரண்டு சைக்கிள் திருட்டு தொடர்பாகப் போலீஸ் எச்சரித்து அனுப்பியது. அதன் பிறகு எந்தக் குற்றமும் இல்லை. 17 வயதில் உள்ளூர்க் கால்பந்து மன்றத்தில் பகுதிநேர வேலைக்குப் போனார். சரிபார்ப்பில் சைக்கிள் வந்தது. 19 வயதில் விளையாட்டுத் துறைப் படிப்புக்கு விண்ணப்பித்தார். அங்கேயும் சைக்கிள் வந்தது. இப்படி எதையும் சலிக்காமல் எல்லாவற்றையும் வெளியிடுவது தனிமனித வாழ்வுக்குரிய உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2013இல் சிறிய பழைய குற்றங்களை வடிகட்டும் விதி வந்தது. 2020 நவம்பரிலிருந்து சிறு வயதில் பெற்ற எச்சரிக்கைகள் சான்றிதழில் தானாக இடம்பெறுவதில்லை.

பதினோரு வயதுப் பையனின் சைக்கிள் திருட்டையும் முகாம் தலைவரின் பிரம்பையும் ஒரே தட்டில் வைக்கும் சோதனை, நீதி உணர்வு இல்லாத சோதனை. மதங்கள் உரக்கப் பேச வேண்டிய இடம் இது. மறக்க வேண்டியதை மறக்கச் சொல்லும் உரிமை, மறைக்கக் கூடாததை மறைக்காத சபைக்குத்தான் உண்டு.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் 2024 ஆகஸ்டில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்று நடந்தது. மாணவிகள் பள்ளிக் கலையரங்கத்தில் இரவு தங்க வைக்கப்பட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்றது என்.சி.சி. நிர்வாகம். பயிற்சியாளர் என்று வந்தவர் உண்மையில் யார் என்று பள்ளி யாரிடமும் கேட்டிருக்கவில்லை. மாணவி சொன்ன பிறகும் விஷயத்தை மறைக்கப் பார்த்ததாகப் பள்ளி நிர்வாகத்தினர் கைதானார்கள். முக்கியக் குற்றவாளி என்று கைதானவர் விசாரணை நடக்கும்போதே இறந்துபோனார். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

ஐவர்னையும் பர்கூரையும் சேர்த்துப் படித்தால் வயிறு கலங்குகிறது. நாற்பது ஆண்டு இடைவெளி, வேறு கண்டம், வேறு மதச் சூழல். இரண்டு இடத்திலும் முகாம் என்ற ஒரு சொல் பெற்றோரின் கேள்விகளை அடக்கியது. இரண்டு இடத்திலும் நிறுவனத்தின் பெயர் கெடும் என்ற பயம் பிள்ளையின் வாய்ச்சொல்லை விடப் பெரிதாக இருந்தது.

பர்கூரில் சட்டம் இல்லாமலில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகள் தங்கும் இடங்களும் குழந்தைகள் தொடர்ந்து வந்துபோகும் நிறுவனங்களும் தங்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்ய வேண்டும் என்கின்றன. ஆசிரியர், ஆசிரியரல்லாதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடு கிடையாது. அப்படியும் எத்தனை டியூஷன் மையங்களில், எத்தனை விளையாட்டு அகாடமிகளில், எத்தனை ஆன்மிக வகுப்புகளில் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதில்.

மே மாதம் பிறந்தால் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டும். பாட்டு, நாடகம், கைவேலை, மதியம் ரஸ்னா. சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி இளைஞர்கள். வெளியூர் ஊழியர்களும் வருவார்கள். கோயில்களில் தேவார வகுப்பு, பாலவிகார், பள்ளிவாசல்களில் கோடைக்கால மதரஸா என்று மற்ற சமயத்தாரும் அப்போதுதான் பிள்ளைகளைக் கூட்டுகிறார்கள். 'கடவுள் பணிக்கு இலவசமாக வருகிறவரிடம் போலீஸ் சர்ட்டிபிகேட் கேட்பதா?' என்று முகம் சுளிப்பவர்கள் எல்லாப் பக்கமும் உண்டு. லண்டனில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிகளுக்குப் போய் இலவசமாக ஆனா ஆவன்னா கற்றுத்தரும் நம்மவர்கள் இந்தப் படிவத்தை நிரப்பிவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறார்கள். அதனால் அவர்களுடைய தமிழ்ப்பற்று ஒரு குன்றிமணி அளவுகூடக் குறைந்துவிடவில்லை.

சான்றிதழ் வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. அது பதிவேட்டில் உள்ளதை மட்டும்தான் சொல்லும். பதிவேட்டில் ஒரு வரி ஏற வேண்டுமென்றால், முதலில் யாராவது ஒருவர் காவல் நிலையப் படியேற வேண்டும். ரஸ்டன் பாதிரியார் எழுதிய தாள் அலமாரியில் கிடந்தது. அது காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் ஜிம்பாப்வேயின் முகாமே நடந்திராமல் போயிருக்கலாம். சபைக்கு வெளியே சொல்லாதே, குடும்ப விஷயம், போதகரின் பெயர் என்ன ஆவது என்று வாயை மூடும் ஒவ்வொருவரும் அடுத்த ஊருக்கு வெற்றுச் சான்றிதழ் ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் மட்டும் தனியறையில் இருக்கக் கூடாது என்ற விதியும், குழந்தை சொன்னால் முதலில் நம்பும் பழக்கமும் இல்லாத இடத்தில், எத்தனை சான்றிதழ்களைப் பிரேம் போட்டு மாட்டினாலும் பயனில்லை.

இந்த வருஷம் பிள்ளையை எந்த முகாமுக்கு அனுப்புவதாக இருந்தாலும், கட்டணத்தையும் சாப்பாட்டையும் கேட்கும் பெற்றோர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும்: இங்கே பிள்ளைகளோடு இருக்கும் அத்தனை பேருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்ததா? ஏதாவது தவறு நடந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்? பதில் தடுமாறினால் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்தவர் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 21ஆவது பிரிவு. போதகர், குருக்கள், மௌலவி யாருக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு எழுதப்படவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரத்திலும் யாரும் கூப்பிடலாம்.